கூட்ஸ் லைன் ஓரத்து விஷ்ணுகிரந்தி

நம் பள்ளித் தோழிகள் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருத்தி பூப்படம் போடுகிறீர்கள். ஒரு நாள் மொட்டைமாடிச் செம்பருத்தி, ஒரு நாள் பேத்தியோடு ஏலகிரி போனபோது எடுத்த பெயர் தெரியாத ஊதாப்பூ. மற்றவர்கள் கட்டைவிரலையும் கைகூப்பலையும் தட்டிவிடுகிறீர்கள். நான் மட்டும் எதற்கும் பதில் போடுவதில்லை என்று போன வாரம் குற்றப்பத்திரிகை வாசித்தீர்கள். கணக்கு டீச்சருக்குப் பூவெல்லாம் எங்கே பிடிக்கும் என்று கிண்டல் வேறு. பிடிக்காமல் இல்லை. நமக்கெல்லாம் அறுபது நெருங்கிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. எங்கள் வீடு உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். பேசின் பிரிட்ஜ் யார்டை ஒட்டி, ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடுகள் வரிசையாக நிற்கும் ரயில்வே லைன் வீடு. முன்கதவைத் திறந்தால் சந்து, பின்ஜன்னலைத் திறந்தால் யார்டு மதில். பவர் ஹவுஸ் கரித்தூள் கொடியில் காயும் துணியில் படியும், குடிக்கிற தண்ணீரில் மிதக்கும், பல்லில் நறநறக்கும். வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

என் நைனா ரயில்வேயில் கீமேன். விடிவதற்குள் தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாகக் கிளம்பிவிடுவார். தனக்கென்று ஒதுக்கிய தண்டவாளத்தை நடந்தே பார்த்து, கட்டையோடு அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவது வேலை. அதில் எழுதப்படாத இன்னொரு வேலையும் உண்டு. யாராவது வண்டியில் அடிபட்டுவிட்டால், போலீஸ் வரும்வரை நாய், காக்கை அண்டாமல் உடம்புக்குக் காவல் நிற்க வேண்டும். சில நாள் மதியம் வரை, சில நாள் சாயங்காலம் வரை. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நீண்ட நேரம் குளித்துவிட்டு, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். "நைனா இன்னிக்கு காவல் நின்னாரு" என்று அம்மா சொன்னால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அக்கா அந்த வருடம்தான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா, பரீட்சை முடிந்ததற்குப் பரிசாக ஒரு சின்ன கேமரா கொண்டுவந்து கொடுத்தார். கூடவே முன்னால் திருகி மாட்ட ஒரு தனிக் கண்ணாடி. அதை மாட்டினால் கிட்டத்தில் இருப்பதை எடுக்கலாம், ஆனால் தூரம் சரியாக ஒரு முழத்துக்கு ஒரு விரல் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு கயிற்றை அளந்து வெட்டி, கேமராவில் கட்டிக் கொடுத்தார். பிலிமையும் அவரே மாட்டினார்.

"முப்பத்தாறு எடுக்கலாம். நடுவுல மட்டும் தொறந்துடாத. வெளிச்சம் பட்டா அம்புட்டும் பூடும். முடிஞ்சா அப்டியே வையி, நான் வந்து கழுவித் தரேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். திரும்பப் பத்து மாதம் ஆகும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா பவுடர் போட்டு, பட்டுப்புடவை கட்டி, கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பக்கத்து வீட்டு அத்தையும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அக்கா அசையவில்லை. "அப்பால எடுக்கறேன்மா" என்பாள். கடைசியில் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ மூஞ்சிய எடுக்க மாட்டாளாம். யார் மூஞ்சிக்கு வச்சிகினு கீறாளோ!" என்றாள். அன்றைக்கு அது வெறும் அங்கலாய்ப்புதான்.

அக்கா வைத்திருந்தது காட்டுப்பூக்களுக்காக. பெண்கள் கல்லூரியில் தாவரவியலுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கிடைத்தால், நம் பக்கம் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் தானே முளைக்கிற பூக்களையெல்லாம் படமெடுத்து முதல் நாளே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவள் கனவு. வீட்டில் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்புவாள். உங்களில் ஒருத்தி வீட்டுக்கு விளையாடப் போகிறேன் என்று நான் கிளம்புவேன். மதில் உடைந்த இடத்தில் சந்தித்துக்கொள்வோம்.

அந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்ததை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ராயபுரம் கடற்கரையில் மீன் கூடைகள் கிடக்கும் மணல்மேல் அடம்பங்கொடி. எண்ணூர் முகத்துவாரத்தில் உப்புப் பூத்த சேற்றில், கடித்தால் கரிக்கும் இலையோடு ஏதோ ஒரு ரோஜா நிறச் செடி. யார்டிலோ கேட்கவே வேண்டாம். வடக்கேயிருந்து வரும் வேகன்களிலிருந்து சிந்திய தானியமெல்லாம் மழைக்கு முளைத்து, ஜல்லிக் கற்களுக்கு நடுவே கோதுமை நிற்கும், கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கும். நெருஞ்சி, தும்பை, மூக்கிரட்டை, எருக்கு. நான் தும்பையைக் கிள்ளித் தேன் உறிஞ்சப் போனால் கையில் அடி விழும்.

"பறிக்காதடி. பறிச்சிட்டா அது மாலைக்குப் போற பூ. கீற எடத்துலயே எடுத்தாதான் இன்னா பாடுபட்டு நிக்குதுன்னு தெரியும்."

இதழில் படிந்த கரித்தூளைக்கூட ஊதவிட மாட்டாள். கயிற்றின் நுனியைப் பூவுக்குப் பக்கத்தில் பிடிப்பது என் வேலை. அவள் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பின்னால் நகர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்குவாள். டக். அவ்வளவுதான், எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு ஒரு சின்ன நோட்டில் எழுதுவாள். ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் எடுக்க மாட்டாள். ஒன்பதாவது படத்தில் மட்டும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேகன் பக்கத்தில் எருக்கஞ்செடியோடு என்னையும் சேர்த்து எடுத்தாள். இந்த ஒன்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். நைனா அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேங் ஆட்கள் அத்தனை பேருக்கும் காட்டினார்.

அந்த வாரம் வியாழக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. கூட்ஸ் லைனில், இரண்டு ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப்பூ ஒன்றை அக்கா கண்டுபிடித்திருந்தாள். விஷ்ணுகிரந்தி. காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். முதல் நாள் போனபோது மூடியிருந்தது. இருபத்து மூன்றாவது படம் அதுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அது வண்டி ஓடுகிற லைன். அதனால் அன்றைக்கு நான் கயிறு பிடிக்கவில்லை. கயிற்று நுனியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, என்னை ஜல்லி மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். "ரெண்டு பக்கமும் பாரு. வண்டி தெரிஞ்சா கத்து. நீ கீறேன்ற தைரியத்துலதான் படுக்கறேன்" என்றாள்.

நான் பார்த்தேன். வண்டி வரவில்லை. நைனாவுக்கு அடுத்த பகுதித் தண்டவாளத்தைப் பார்க்கும் கீமேன் வந்தார், தோளில் சுத்தியலோடு. நைனாவின் கூட்டாளி, என்னை நன்றாகத் தெரியும். யார்டுக்குள் கால் வைத்தால் காலை உடைப்பேன் என்று நைனா சொல்லியிருந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் கத்தவில்லை. மேட்டிலிருந்து குதித்து, நின்றிருந்த வேகன்களுக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

என்னைக் காணவில்லை என்றதும் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கேங்மேன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதைச் செய்தாள். வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டாள். கீமேன் வளைவு திரும்பியபோது பார்த்தது அதைத்தான். வயசுப்பெண் ஒருத்தி குப்புறப் படுத்து, தண்டவாளத்தில் தலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். சாகாமல் இருப்பதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தவளை, அவர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, முடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது சந்தே கூடியிருந்தது. கீமேன் அழுதுகொண்டிருந்தார். "நான் ரெண்டு நிமிட்டு லேட்டா வந்திருந்தா உன் பொண்ணுக்கு நீ காவல் நின்னுருப்பே மாமு" என்றார் நைனாவிடம். நைனா கீழே உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேருக்குக் காவல் நின்ற மனிதர் வேறு எதை நினைப்பார், சொல்லுங்கள்.

"பூ எடுக்கப் போனேன் நைனா. மெய்யாலும் பூதான்" என்றாள் அக்கா.

"பூ எடுக்க தண்டவாளத்துல தல வைப்பாங்களாமா?" என்றார் நைனா.

"வண்டி வர்தான்னு கேட்டேன்."

"ஒரு கீமேன் பொண்ணு நீ. ஓடற லைன்ல காவலுக்கு ஆள் வெக்காம படுப்பியா? வண்டி வந்திருந்தா?"

அக்கா வாயைத் திறந்தாள். கூட்டத்தில் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் பேசாமல் நின்றதைத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கே போயிருந்தேன் என்று அம்மா கேட்டதற்கு, உங்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள் வீட்டில் பல்லாங்குழி ஆடினேன் என்றேன். அந்த ஒருத்தி இதைப் படிக்கும்போது தன் வீட்டுப் பல்லாங்குழிக்கு என்ன வேலை வந்தது என்று தெரிந்துகொள்வாள்.

பிறகு நோட்டைக் கண்டுபிடித்தார்கள். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பதினொண்ணு. காலை எட்டரை. மூணாவது லைன் ஓரம். நல்ல சிரிப்பு." "பதினாலு. காத்துல நிக்கவே இல்லை, நாளைக்குத் திரும்ப வரணும்." "இருபத்தி மூணு. இன்னைக்கு முகமே காட்டல." படிக்கப் படிக்க அம்மாவின் குரல் மாறியது. பக்கத்து வீட்டு அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "யாரோ ஒரு பேமானி ஏமாத்திட்டான்க்கா. அதான் பொண்ணு உசுர வெறுத்துட்சி" என்று முடிவு கட்டிவிட்டாள். ராயபுரம் தர்காவிலிருந்து கயிறு மந்திரித்து வந்து அக்கா கையில் கட்டினார்கள்.

அன்றைக்கே அக்காவை உள்ளறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். மண்ணெண்ணெய் டின் பக்கத்து வீட்டுக்குப் போனது. அரிவாள்மனை, கத்தரிக்கோல், கொடிக்கயிறு, தாவணிகள் எல்லாம் வெளியே போயின. உத்தரத்து ஊஞ்சல் கொக்கியை நைனா சுத்தியலால் அடித்து மடக்கினார். என்னை உள்ளே அனுப்பினார்கள். "அக்காவுக்குத் துணையா இரு. கண்ண மூடாத" என்றார் நைனா. அன்று காலை ஜல்லி மேட்டில் செய்யாததை அந்த அறைக்குள் நான் கச்சிதமாகச் செய்தேன். அவள் குழாயடிக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் புரண்டு படுத்தால் எழுந்து உட்காருவேன். எட்டுக்கு எட்டு அறை, மதிலைப் பார்த்த ஜன்னல், ஜூன் மாதப் புழுக்கம். எனக்கே மூச்சு முட்டியது.

அவள் என்னைத் திட்டவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "நீயே சொல்லிடேன். நான் கூட இருந்தேன்னு ஒரே ஒரு வார்த்த." நான் அழுதேன். அவள் என் வாயைப் பொத்தி, "சரி, அய்வாத" என்றாள்.

மதியம் நைனா சோற்றுத் தட்டோடு வந்தபோது அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்றத நம்ப வோணாம் நைனா. கேமராவுக்குள்ள கீது. இருபத்திரெண்டு பூவும் உள்ளதான் கீது. நீயே பாரு."

கழுவிக் கொண்டுவந்து பார் என்ற அர்த்தத்தில்தான் அவள் சொன்னாள். அவர் காதில் விழுந்தது உள்ளே இருக்கிறது, பார் என்பது மட்டும். பெண்ணை நம்ப அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது. அவள் சொன்ன சொல்லைத் தட்டாமல் உடனே கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்னையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு தாழ்ப்பாள் போட்டார். "இத்த எப்டிமா தொறக்கறது?"

வீட்டு நிழலில் சரியாகத் தெரியாது என்று சந்தின் நடுவில், உச்சி வெயிலில் குந்தி உட்கார்ந்தார். எனக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால் அம்புட்டும் போய்விடும் என்று சித்தப்பா சொன்னபோது அக்காவுக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றிருந்தேன். வேணாம் நைனா, ஸ்டூடியோவில் குடு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாக்கு வரை வந்தது. கூடவே ஒன்பதாவது படமும் வந்தது. கழுவினால் வேகன் பக்கத்தில் நான் நிற்பேன். நான் சும்மா இருக்கவில்லை. பக்கவாட்டில் இருந்த பித்தானைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் சுருளை இழுத்தார். மடியில் விழ விழ, ஒவ்வொரு விரற்கடையாகச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், தண்டவாளத்தில் விரிசல் தேடுகிற அதே கண்ணால். ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இரண்டாம் முறை முடிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே போனபோது சுருள் அவர் கையிலிருந்து தரை வரை தொங்கியது.

"ஒண்ணும் இல்லியேமா" என்றார்.

அக்கா அதைப் பார்த்தாள். "வெயில்லயா பாத்தே நைனா?"

"வெயில்லதாம்மா பாத்தேன். நல்லா பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன். ஒரு பூ கூட இல்லம்மா."

வெயில் பட்டால் அழிந்துவிடும் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் அவள் தலையைத் தடவி, "சரிம்மா, சரிம்மா" என்றார். பைத்தியம் பிடித்தவர்களிடம் சொல்கிற சரிம்மா அது. அதைக் கேட்டதும் அவள் நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அக்கா குளித்து, தலை பின்னி, கார்டைக் கேட்டு வாங்கி, பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு முறை கதவைத் திறந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். கல்லூரிக்கு மின்சார ரயிலில் போக வேண்டும். ரயில் இருக்கிற பக்கமே அவளை அனுப்ப நைனா தயாராக இல்லை. சாயங்காலம் ஐந்து மணி சங்கு ஊதியதும் அவளே பின்னலை அவிழ்த்தாள். கல்லூரிக் கதை அவ்வளவுதான். நமக்குப் பள்ளி திறந்தது. நான் ஏழாம் வகுப்பில் உங்களோடு வந்து உட்கார்ந்தேன். அந்த வருடம் ஏன் ஊமை மாதிரி இருந்தேன் என்று இப்போது புரிகிறதா? சித்தப்பா கப்பலிலிருந்து வருவதற்குள், தை மாதத்தில், திருவொற்றியூரில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தண்டவாளத்திலிருந்து தள்ளி வீடு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் நைனா கேட்டது.

நல்ல மனிதர்தான் அத்தான். ஆனால் நைனாவின் காவல் மட்டும் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நைனா பஸ் பிடித்துப் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். போன் வந்த பிறகு தினமும் காலையில் ஒரு போன். "எய்ந்துட்டியாமா? ஒண்ணும் இல்லியே?" அவள் ஐம்பது வயதில் பேத்தி எடுத்த பிறகும் இதே கேள்வி. இரண்டு முறையாவது அவரை உட்காரவைத்து, பிலிம் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னாள். "சரிம்மா, அத்த இன்னாத்துக்கு இப்போ" என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் படித்தேன், டீச்சரானேன், ஆயிரம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று பிரம்பைக் காட்டினேன்.

நைனா போன வருடம் பங்குனியில் காலமானார். நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அக்கா வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். அன்றைக்கு நான் மேட்டிலிருந்து ஓடிப்போனது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாத மிச்சத்தைச் சொன்னேன். உச்சி வெயில், நான் பக்கத்தில் நின்றது, பித்தானைக் காட்டியது, ஒன்பதாவது படம். சொல்லி முடித்துவிட்டு அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் துடைத்த தட்டை அடுக்கினாள். "பதினோரு வயசு புள்ள. பயந்துட்டே. அத்த நான் எப்பவோ வுட்டுட்டேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஆனா இத்த நைனா உசுரோட கீறப்போ ஏண்டி சொல்லல?"

"உனக்குப் பண்ண பாவத்த எப்டிக்கா அவர்கிட்ட..."

"எனுக்கு வோணாம்டி. அவுருக்கு. தம் பொண்ணு சாவப் போனான்னு நெனச்சிகினே பூட்டாரு மனுசன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நான் காவலுக்கு நின்னேன் நைனான்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு. ஒரு நாளாவது நிம்மதியா தூங்கியிருப்பாரு."

நைனா கடைசி மூன்று மாதம் படுத்திருந்தது என் வீட்டில். கஞ்சி கொடுத்தது, முதுகு துடைத்தது, பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். பேச்சு நின்றுபோவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவத் தனியா வுட்டுராதம்மா" என்றார்.

"வுட மாட்டேன் நைனா" என்றேன்.